தொண்டை வலியும் சோதனைச் சீட்டும்

பிப்ரவரி 3-ஆம் நாள், புனித பிளாசியார் திருநாளன்று, இரு மெழுகுதிரிகளைக் குறுக்காகப் பிடித்துப் பங்குப் பிள்ளைகளின் தொண்டையை ஆசீர்வதித்து முடித்தோம். கூட்டம் கலைந்த பின்னரும் ஒரு தாய் மட்டும் நின்றுகொண்டிருந்தார். கையில் இரத்தப் பரிசோதனைச் சீட்டு. “சாமி, பிள்ளைக்கு ஏ.எஸ்.ஓ. கூடியிருக்கிறதாம். இருதயம் கெட்டுவிடும் என்கிறார்களே!” என்று கண் கலங்கினார். ஏழு வயது மகனோ கோவில் முற்றத்தில் ஓடி விளையாடிக்கொண்டிருந்தான்.

அன்பார்ந்த பெற்றோரே! அத்தாயின் அச்சம் காரணமற்றதன்று. ‘ஏ’ பிரிவு ஸ்டிரெப்டோகாக்கஸ் என்னும் கிருமி தொண்டையைத் தாக்கி, தக்க சிகிச்சை பெறாவிடில், சில பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று வாரங்களுக்குப்பின் ருமாட்டிக் காய்ச்சல் வரக்கூடும். அது மூட்டுகளை வீங்கச் செய்து, இருதய வால்வுகளையும் பழுதாக்கும். ஆயினும் பிள்ளைகளின் தொண்டை வலிகளில் பத்தில் மூன்றளவே இக்கிருமியால் வருபவை. பெரும்பாலானவை வைரஸால் வந்து தாமே குணமாகும். வாயைத் திறந்து பார்ப்பதால் மட்டும் இரண்டையும் பிரித்தறிதல் அரிது. ஆகவேதான் சோதனைகள் தேவைப்படுகின்றன.

முதலாவது, கல்ச்சர் சோதனை. பஞ்சுக் குச்சியால் இரு டான்சில்களையும் தொண்டையின் பின்சுவரையும் தடவி, இரத்தம் கலந்த அகார் தட்டில் கிருமியை வளர்ப்பர். முடிவு தெரிய ஒன்றிரண்டு நாட்களாகும். ஆன்டிபயாட்டிக் மருந்து கொடுக்குமுன் இதனை எடுத்தல் வேண்டும்.

இரண்டாவது, விரைவுச் சோதனை. ஏறத்தாழ 10 நிமிடங்களில் விடை தரும். ‘உண்டு’ என்றால் பெரும்பாலும் நம்பலாம். ‘இல்லை’ என்றாலோ, நோயுள்ள நூறு பிள்ளைகளில் ஏறத்தாழ பதினைந்து பேரை இது தவறவிடக்கூடும். ஆதலின் பிள்ளைகளுக்குக் கல்ச்சரால் உறுதி செய்துகொள்வது நலம்.

மூன்றாவதே அத்தாயின் கையிலிருந்த ஏ.எஸ்.ஓ. 1932-இல் டாட் என்னும் அறிஞர் வெளியிட்ட இச்சோதனை கிருமியைத் தேடுவதில்லை. கிருமியை எதிர்த்து உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளையே அளக்கிறது. நோய் கண்டு ஒரு வாரத்துக்குப்பின் ஏறத் தொடங்கி, 3 முதல் 6 வாரங்களில் உச்சமடைந்து, மாதக்கணக்கில் நீடிக்கும். விருந்தினர் போனபின் வாசலில் கிடக்கும் காலடித் தடம் போன்றது அது. மூட்டு வீக்கம், மூச்சிரைப்பு முதலிய அறிகுறிகள் இருப்பின் மருத்துவருக்கு இது துணை செய்யும். எண் கூடியிருக்கிறது என்பதற்காக மட்டும் பிள்ளைக்கு ஆண்டுக்கணக்கில் பென்சிலின் ஊசி போடுதல் வீண் வேதனையே. ஆனால் ருமாட்டிக் காய்ச்சல் உறுதியானவர்கள் அவ்வூசியை ஒருபோதும் தாமாக நிறுத்தலாகாது.

அத்தாயைக் குழந்தை மருத்துவரிடம் அனுப்பினோம். அவர் மூட்டுகளையும் இருதயத்தையும் நன்கு பரிசோதித்து, நோய் இல்லை, மருந்தும் வேண்டாம் என்றார்.

ஒன்றை நினைவிற் கொள்ளுங்கள். தொண்டை வலி தொடங்கி 9 நாட்களுக்குள் பென்சிலின் தொடங்கினாலும் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்கலாம். எனவே கல்ச்சர் முடிவுக்காக இரண்டு நாள் காத்திருப்பதால் தீங்கில்லை. நோய் உறுதியானால், மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டாலும், மருத்துவர் குறித்த 10 நாட்களும் மருந்தைத் தவறாது கொடுங்கள். சோதனைச் சீட்டைக் கண்டு கலங்குமுன், “இது எதை அறியச் செய்த சோதனை?” என்று மருத்துவரிடம் கேளுங்கள். கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை.