நம்பிக்கைக்கு எழுத்து பகையா?

"அண்ணன் தம்பிக்குள் எழுத்து எதற்கு? அல்லாஹ் சாட்சி, அது போதாதா?" மேலப்பாளையத்திலும் பேட்டையிலும் கூட்டுக் கடை திறக்கும் நம்மவர் பெருமையோடு சொல்லும் சொல் இது. கடை நொடித்த பின்னர் அதே நாவுகள், "கூட்டு வியாபாரம் நமக்கு ஒத்துவராது" என்கின்றன. இரண்டும் பிழை.

ஒத்துவராது என்போர் தூத்துக்குடியைத் திரும்பிப் பார்க்கட்டும். 1906இல் வ.உ. சிதம்பரனார் அங்கே சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவினார். மூலதனம் 10 இலட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய். பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் 2 இலட்சம் ரூபாய்க்கு 8,000 பங்குகள் வாங்கிச் செயலாளரானார். அவர்களைப் பிணைத்தது ஒரே மதமோ சாதியோ அன்று. சுதேசி உணர்வும் பதிவு செய்த விதிகளுமே. வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. 1908இல் அரசு சிதம்பரனாரைச் சிறையிலிட்டது. 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. எழுத்து அதனைக் காக்கவில்லையே என்பீர்கள். மெய்தான். எழுத்து இலாபத்துக்குப் பிணையன்று. நட்டம் வந்தால் யாருக்கு எவ்வளவு என்னும் கேள்விக்கு விடை.

அவ்விடையை நாம் எழுதாவிடில் சட்டம் எழுதிவிடும். 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி, ஒப்பந்தம் இல்லையேல் இலாபமும் நட்டமும் சமபங்கு. இருவர் கூட்டில் கால்பங்கு முதல் போட்டவரும் பாதி நட்டத்தைச் சுமக்க வேண்டும். நம் ஃபிக்ஹுச் சட்டமோ, நட்டம் அவரவர் முதலின் அளவே என்கிறது. ஆக, மார்க்கத்தின் பெயரால் எழுத மறுப்பவர் மார்க்கம் தந்த நீதியையே இழக்கிறார்! பங்காளி ஒருவர் மவுத்தானால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது கூட்டே கலைந்துவிடும். இத்தாவில் இருக்கும் அவர் மனைவி எந்தக் கணக்கைக் கேட்பார்? யாரிடம் கேட்பார்?

திருமறையின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது? கடனை எழுதிக்கொள்வதைப் பற்றியது: அல்பகரா 282. சிறிதோ பெரிதோ, எழுதச் சலிக்கலாகாது என்பது அதன் கட்டளை. கைக்குக் கை மாறும் வியாபாரத்துக்கே அதில் விலக்கு. ஆண்டுக்கணக்கில் ஓடும் கூட்டுக்கு அவ்விலக்கு எப்படிப் பொருந்தும்? அல்லாஹ்வைச் சாட்சி வைப்போர் அவன் ஆணையையும் ஏற்க வேண்டாமா?

ஆகவே முதல், உழைப்பு, இலாபப் பங்கு, நட்டப் பங்கு, விலகும் வழி, வாரிசுகளின் உரிமை ஆகிய ஆறையும் கடை திறக்குமுன் எழுதிப் பதிவு செய்யுங்கள். அன்புள்ளபோது எழுதினால் நாமே எழுதலாம். பகை வந்தபின் வக்கீல்தான் எழுதுவார். கூலியை இரு வீட்டாரும் கொடுப்பர்.