செவித்திறன் குறைந்த குழந்தைகள்: சட்டம் தந்த உரிமையைக் கேட்டுப் பெறுவது யார்?

புதுதில்லி:

செவித்திறன் குறைந்த குழந்தைகளின் கல்விக்காகச் சட்டம், அரசுத் திட்டம், உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஆகிய மூன்றும் நாட்டில் உள்ளன. எனினும், அவற்றின் பயன் ஒரு குழந்தையைச் சென்றடைவது, எதை, எங்கே, எப்போது கேட்க வேண்டும் என்பதை அதன் பெற்றோர் அறிந்திருப்பதைப் பொறுத்தே அமைகிறது. அதை எடுத்துச் சொல்லும் பொறுப்போ நடைமுறையில் மருத்துவமனை, பள்ளி, மாற்றுத் திறனாளிகள் நல அலுவலகம் ஆகியவற்றுக்கிடையே சிதறிக் கிடக்கிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் செவித்திறன் குறைபாடு உடையோர் சுமார் 50.7 லட்சம் பேர். இக்குறைபாட்டுடன் பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோரின் பெற்றோர் நன்கு கேட்கும் திறன் உடையவர்கள். காது கேளாத ஒருவருடன் பழகிய அனுபவம்கூட இல்லாத நிலையில், குழந்தையின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் முடிவுகளை அவர்கள் எடுக்க வேண்டியுள்ளது.

முதல் தடை காலம்

பிறந்த ஒரு மாதத்துக்குள் செவித்திறன் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் பயிற்சி அல்லது சிகிச்சை என்பதே மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட கால வரிசை. மொழி வேரூன்றும் வயது தவறினால் பின்னர் அதை ஈடுசெய்வது கடினம். 2013-இல் தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத்திட்டம், பிறவிச் செவித்திறன் குறைபாட்டையும் கண்டறிய வேண்டிய குறைபாடுகளுள் ஒன்றாகச் சேர்த்துள்ளது.

ஆனால், கண்டறிதலுடன் பணி முடிவதில்லை. தகுதியுள்ள குழந்தைகளுக்கு உதவி உபகரணங்கள் வழங்கும் மத்திய அரசுத் திட்டத்தின் கீழ் காக்ளியர் கருவி பொருத்தப்படுகிறது. அறுவை சிகிச்சைக்குப் பின் கருவியைச் சீரமைத்தல், பேச்சுப் பயிற்சி, பழுது நீக்கம் ஆகியவை ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டும். கருவியா, சைகை மொழியா, இரண்டுமா என்பதை எல்லாத் தகவல்களையும் பெற்ற பிறகே குடும்பம் முடிவு செய்ய இயலும்.

சட்டம் சொல்வது

2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ள மாற்றுத் திறனாளிகள் உரிமைகள் சட்டம், இரு காதுகளிலும் 70 டெசிபல் இழப்பைக் காது கேளாமை எனவும், 60 முதல் 70 டெசிபல் வரையிலான இழப்பைச் செவித்திறன் குறைவு எனவும் வரையறுக்கிறது. காது கேளாதோருக்கு மிகப் பொருத்தமான மொழியிலும் தொடர்பு முறையிலும் கல்வி அளிக்க வேண்டும் என்கிறது 16-ஆவது பிரிவு. தேர்வில் கூடுதல் நேரம், இரண்டாம் மற்றும் மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு ஆகியவற்றுக்கு 17-ஆவது பிரிவு வழிசெய்கிறது. 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் குறைபாடு உடைய, 6 முதல் 18 வயது வரையிலான குழந்தைகள் அருகமைப் பள்ளியிலோ, விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் பயிலலாம் என்பது 31-ஆவது பிரிவு.

சிறப்புத் தேவையுள்ள மாணவர்களுக்குத் தொடக்க நிலையில் பத்துப் பேருக்கு ஒருவர், மேல்நிலைகளில் பதினைந்து பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தில் சிறப்பாசிரியர்கள் தேவை என 2021-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் 2021-இல் வெளியிட்ட அகராதியின் மூன்றாம் பதிப்பில் 10,000 சொற்கள் உள்ளன. சைகை மொழிக்கெனத் தனிக் கல்வித் தொலைக்காட்சி அலைவரிசையும் 2024 டிசம்பரில் தொடங்கப்பட்டது. மாணவருக்கு மட்டுமின்றி, வீட்டில் அவருடன் உரையாட வேண்டிய பெற்றோருக்கும் இவை பயன்படும்.

கவனிக்கப்படாத இடம்

கல்வி உரிமைச் சட்டப்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் குறைந்தது முக்கால் பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். நலிந்த பிரிவுக் குழந்தைகளின் பெற்றோருக்கு அதில் உரிய பிரதிநிதித்துவம் உண்டு. 2012 திருத்தத்தின் மூலம் மாற்றுத் திறனாளிக் குழந்தைகளும் அப்பிரிவில் சேர்க்கப்பட்டனர். எனவே, அரசுப் பள்ளியில் சிறப்பாசிரியரையோ தேர்வுச் சலுகையையோ கோருவதற்கு இப்பெற்றோர் அலுவலக வாசலில் காத்திருக்கும் மனுதாரராக மட்டும் இருக்க வேண்டியதில்லை. குழுவின் உறுப்பினராகவே பேச முடியும்.

பள்ளி மறுத்தால், மாநில மாற்றுத் திறனாளிகள் ஆணையரிடம் முறையிடலாம். ஆணையரின் பரிந்துரை மீது மூன்று மாதங்களுக்குள் நடவடிக்கை எடுத்துத் தெரிவிக்க வேண்டும். ஏற்காவிடில் காரணத்தைக் கூற வேண்டும். வாய்மொழிக் கோரிக்கைக்கு இந்தக் கடப்பாடு எழாது என்பதால், விண்ணப்பத்தையும் பதிலையும் எழுத்து வடிவில் பெற்று வைப்பது அவசியமாகிறது.

படித்த, நகர்ப்புறக் குடும்பம் இவற்றைத் தேடி அறிந்துகொள்ளக்கூடும். தினக்கூலியை இழந்து மாவட்டத் தலைநகருக்கு வரும் தாய்க்கு அந்த வாய்ப்பு குறைவு. குறைபாடு உறுதியாகும் நாளிலேயே உரிமைகள், உதவிகள், அணுக வேண்டிய அலுவலகங்கள் ஆகியவற்றைத் தாய்மொழியில் ஒரே தாளில் அச்சிட்டு மருத்துவமனை வழங்கினால், பெரும் செலவின்றி இந்த இடைவெளி குறையும். அதுவரை, பெற்றோரின் அறிவுக்கும் வசதிக்கும் ஏற்பவே குழந்தையின் உரிமை அளக்கப்படும்.