சத்தத்தைப் பார்த்து ஹெட்போன் வாங்குங்க, தள்ளுபடியைப் பார்த்து வாங்காதீங்க



சம்பளம் வந்த வாரம்தான் ஹெட்போன் ஆசையும் வரும். ஆப்பைத் திறந்தா 9,999 ரூபாயைக் கோடு போட்டு அடிச்சுட்டு, பக்கத்துல 2,499னு பெருசா போட்டிருப்பாங்க. 'ஆக்டிவ் நாய்ஸ் கேன்சலேஷன்', '70 மணி நேர பேட்டரி', 'இன்னும் 3 மட்டுமே இருக்கு'. விரல் தானா ஆர்டர் பட்டன் மேல போயிடும்.

இந்தப் பதிவுல டாப் 5 லிஸ்ட் கிடையாது. என் கருத்து இதுதான்: நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன் சிலருக்கு உண்மையிலேயே தேவை, பலருக்கு வீண் செலவு. நீங்க எந்தப் பக்கம்னு முடிவு பண்ண வேண்டியது, தினமும் உங்க காதுல விழுற சத்தம். அதை முதல்ல கண்டுபிடிச்சுட்டா, எவ்வளவு செலவு பண்ணலாம்ங்கிறது சுலபமான கணக்கு.

இது இன்ஜின் சத்தத்துக்காகப் பிறந்த பொருள்

1978-ல் அமர் போஸ் ஜூரிச்சிலிருந்து பாஸ்டனுக்கு விமானத்துல போயிட்டு இருந்தார். விமானத்துல கொடுத்த ஹெட்போனை மாட்டினா, இன்ஜின் இரைச்சல்ல பாட்டே சரியா கேட்கலை. அந்தப் பயணத்திலேயே இதுக்கு ஒரு வழி இருக்கான்னு கணக்கு போட ஆரம்பிச்சுட்டார். வங்காளத்திலிருந்து அமெரிக்கா போனவரோட மகன் இவர். 1989-ல் அவரோட கம்பெனி விமானிகளுக்கான ஹெட்செட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நம்மள மாதிரி ஆளுங்க கடையில வாங்குற மாடல் 2000-ல்தான் வந்துச்சு.

இந்தக் கதையை எதுக்குச் சொல்றேன்னா, இந்தத் தொழில்நுட்பம் எந்தச் சத்தத்துக்காக வந்ததோ, இன்னைக்கும் அந்தச் சத்தத்தைத்தான் நல்லா அடக்கும். ஹெட்போன்ல இருக்கிற சின்ன மைக் வெளிச்சத்தத்தைக் கேட்கும். உள்ள இருக்கிற சிப், அதுக்கு நேர் எதிரான அலையை உருவாக்கி ஸ்பீக்கர் வழியா விடும். மேடும் பள்ளமும் சேர்ந்தா சமம் ஆகுற மாதிரி, ரெண்டு அலையும் சேர்ந்து சத்தம் குறையும். 'உம்ம்ம்'னு ஒரே சீரா ஓடுற கனமான சத்தத்துக்கு இது அருமையா வேலை செய்யும். பஸ் இன்ஜின், ரயில், ஏசி, ஃபேன் எல்லாம் இந்த ரகம். திடீர்னு வர்ற சத்தம், கீச்சுனு உயர்ந்த சத்தம், பேச்சுக்குரல் இதையெல்லாம் முழுசா பிடிக்காது. அங்க காதை மூடுற பஞ்சு மெத்தைதான் உதவும். ஓவர்-இயர் வாங்குறதோட லாபமே அந்த மெத்தைதான்.

நம்ம ஊர்ல நாலு விதமான சத்தம்

ஒண்ணு, பஸ். சேலம் புது பஸ் ஸ்டாண்டுல ஏறி ராசிபுரம், நாமக்கல்னு தினமும் வேலைக்குப் போற ஆளா நீங்க? இன்ஜின் உறுமல், டயர் இரைச்சல், ஜன்னல் காத்து: இதுல பெரும்பகுதியை ஏஎன்சி குறைச்சுடும். ஆனா தனியார் பஸ் ஸ்பீக்கர்ல ஓடுற பாட்டும், ஏர் ஹாரனும் போகாது. கொஞ்சம் மங்கலாகும், அவ்வளவுதான். 'சைலன்ஸ்'னு விளம்பரத்துல காட்டுறதை நம்பி வாங்கினா ஏமாற்றம்தான். கரூர் லைன்ல ரயில்ல போறவங்களுக்கு இன்னும் நல்லாவே வேலை செய்யும்.

ரெண்டு, ஆபீஸ். ஏசி, ஃபேன், சர்வர் சத்தம் போயிடும். பக்கத்து சீட்டுக்காரர் போன்ல பேசுறது போகாது. மெதுவா பாட்டு ஓடினா மறையும்.

மூணு, தறி. இளம்பிள்ளை, பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் வீட்டுல இருந்தே பெங்களூரு கம்பெனிக்கு வேலை பார்க்கிறவங்க நிறைய பேர் இருக்கீங்க. சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறி ஓடும். அந்த 'டக் டக் டக்' ஒரு அடி சத்தம். மோட்டார் ஓடுற உறுமலை ஏஎன்சி எடுக்கும், அடி சத்தத்துல பாதிக்கு மேல மிஞ்சும். நீங்க முதல்ல செலவு பண்ண வேண்டியது ரூம் மாத்துறது, ஜன்னல் இடுக்கை அடைக்கிறது, மெடிக்கல் ஷாப்ல கிடைக்கிற ஃபோம் இயர்பிளக். ஹெட்போன் அதுக்கப்புறம்தான்.

நாலு, டூ வீலர். ஓவர்-இயரை மாட்டினா ஹெல்மெட் உள்ளயே போகாது. போனாலும் போடக் கூடாது, பின்னாடி வர்ற லாரி ஹாரன் கேட்கணும். தினமும் பைக்ல போய் வர்ற ஆளுக்கு இந்தப் பொருள் வீட்டு மேஜையிலதான் கிடக்கும்.

இன்னொரு விஷயம். தறிப் பட்டறை, ஸ்டீல் பிளான்ட், லாரி பாடி கட்டுற ஷெட் மாதிரி இடத்துல வேலைன்னா, பாட்டு கேட்கிற ஹெட்போன் பாதுகாப்புக் கருவி ஆகாது. இந்தியத் தொழிற்சாலை விதிகள்ல 8 மணி நேர வேலைக்கு 90 டெசிபல் எல்லைன்னு வெச்சிருக்காங்க. அங்க தேவைப்படுறது முறையான இயர்மஃப் அல்லது இயர்பிளக். அதைக் கம்பெனிகிட்டதான் கேட்கணும், உங்க சம்பளத்துல வாங்கக் கூடாது.

காதோட கணக்கு

ஹெட்போனை ஆடம்பரம்னு நான் மொத்தமா ஒதுக்காததுக்குக் காரணம் இந்தக் கணக்குதான். உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்குச் சொல்ற அளவு: 80 டெசிபல்ல வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். சத்தம் 3 டெசிபல் ஏற ஏற, கேட்கக்கூடிய நேரம் பாதியாகும். 90 டெசிபல் வந்துட்டா வாரத்துக்கு 4 மணி நேரம்தான்.

இப்ப பஸ்ல போற ஆளைப் பாருங்க. போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. வாரம் 6 நாள்னா 18 மணி நேரம். சாதா இயர்போன் போட்டிருந்தா, இன்ஜின் சத்தத்தைத் தாண்டணும்னு வால்யூமை ஏத்திக்கிட்டே போவோம். அது காதுக்குள்ள 90 டெசிபல்ல நின்னா, அந்த வாரத்துக்கான கோட்டா செவ்வாய்க்கிழமை காலையில ஆபீஸ் போய்ச் சேர்றதுக்குள்ளயே முடிஞ்சிருக்கும். மிச்ச நாலரை நாளும் காதோட முதலைத்தான் எடுத்துச் செலவு பண்றோம். உள்காதுல இருக்கிற முடி மாதிரியான செல்கள் செத்தா திரும்ப முளைக்காது. எந்த இஎம்ஐ கட்டியும் வாங்க முடியாத பொருள் அது.

ஏஎன்சி இன்ஜின் சத்தத்தைக் குறைச்சுட்டா, அதே பாட்டை 80-க்குக் கீழயே கேட்கலாம். 18 மணி நேரமும் எல்லைக்குள்ள வந்துடும். என்னைக் கேட்டா, நாம காசு கொடுக்கிறது முக்கியமா இந்த ஒரு பயனுக்குத்தான். ஏஎன்சி போட்டுட்டும் வால்யூமை முழுசா வெச்சா, கொடுத்த காசு வேஸ்ட்.

பணத்தோட கணக்கு

கைக்கு 25,000 ரூபாய் வருதுன்னு வெச்சுக்கலாம். மாசம் 26 நாள், நாளுக்கு 8 மணி நேரம்னா, உங்க ஒரு மணி நேர உழைப்பு சுமார் 120 ரூபாய். 6,000 ரூபாய் ஹெட்போன் 50 மணி நேர உழைப்பு. 26,000 ரூபாய் பிரீமியம் மாடல் ஒரு மாசச் சம்பளத்துக்கு மேல.

அடுத்து, எவ்வளவு நேரம் பயன்படும்? மூணு வருஷம் உழைக்கும்னு வெச்சுக்கலாம்.

தினசரி பஸ் ஆளு: மாசம் சுமார் 72 மணி நேரம், மூணு வருஷத்துல 2,592 மணி நேரம். 6,000 ரூபாய் மாடல்னா மணிக்கு 2 ரூபாய் 30 காசு. ஒரு டீ விலைகூட இல்லை. தாராளமா வாங்குங்க.

மாசம் ஒரு தடவை சென்னை போய் வர்ற ஆளு, மொத்தம் 10 மணி நேரம்: மூணு வருஷத்துல 360 மணி நேரம். அதே ஹெட்போன் மணிக்கு 16 ரூபாய்க்கு மேல ஆகுது. 1,000 ரூபாய்க்கு நல்ல சிலிக்கான் டிப் இயர்போன் வாங்கினா மணிக்கு 3 ரூபாய்க்குள்ள முடியும். காதை நல்லா அடைக்கிற டிப் இருந்தா வெளிச்சத்தம் கணிசமா குறையும்.

நான் வெச்சிருக்கிற கோடு இதுதான்: சீரான இரைச்சல்ல மாசம் 40 மணி நேரத்துக்கு மேல உட்கார்றீங்களா? வாங்குங்க. அதுக்குக் கீழன்னா வேண்டாம். உச்சவரம்பு, மாசம் கைக்கு வர்ற பணத்துல கால் பங்கு. அதோட, ஒரு மாசச் செலவுக்கான பணமாவது பேங்க்ல தனியா இருக்கணும். அது இல்லாம ஹெட்போன் பத்தி யோசிக்கவே வேண்டாம்.

பெட்டி மேல இருக்கிற வார்த்தைகள்

இங்கதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. ஏஎன்சி வேற, ஈஎன்சி வேற. ஈஎன்சி உங்க மைக்குக்கானது. நீங்க கால் பேசும்போது எதிர்ப்பக்கம் இருக்கிறவருக்கு பஸ் சத்தம் குறைவா போகும். உங்க காதுக்கு அது ஒண்ணும் பண்ணாது. விலை குறைஞ்ச மாடல்கள்ல ஈஎன்சியைப் பெருசா போட்டு, 'நாய்ஸ் கேன்சலேஷன்'னு மட்டும் எழுதிடுவாங்க. 'ஆக்டிவ்'ங்கிற வார்த்தை இருக்கான்னு பாருங்க.

'32 டெசிபல் வரை' மாதிரியான வாக்கியத்துல 'வரை' தான் முக்கியம். அது ஏதோ ஒரு அலைவரிசையில கிடைக்கிற உச்ச அளவு. எல்லாச் சத்தமும் அவ்வளவு குறையும்னு அர்த்தமில்லை.

பேட்டரியும் அப்படித்தான். ஜேபிஎல் ட்யூன் 770என்சி-க்கு 70 மணி நேரம்னு போட்டிருப்பாங்க. ஏஎன்சி ஓடினா 44 மணி நேரம். சோனி டபிள்யூஎச்-சிஎச்720என் 50 மணி நேரம், ஏஎன்சியோட 35. ரெண்டுமே தாராளம்தான், ஆனா ஒப்பிடும்போது ஏஎன்சி ஆன்ல இருக்கிற எண்ணை மட்டும் ஒப்பிடுங்க.

எம்ஆர்பி? அதை முடிவு பண்றது தயாரிக்கிற அல்லது இறக்குமதி பண்ற கம்பெனியேதான். 9,999-ல இருந்து 75 சதவீதம் தள்ளுபடின்னா, அது 2,499 ரூபாய் பொருள். அவ்வளவுதான்.

கடையில என்ன பார்க்கணும்

ஆன்லைன்ல விலையைப் பார்த்துட்டு, சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு ஷோரூமுக்குப் போங்க. பாட்டு போடாம, ஏசி அல்லது ஃபேன் பக்கத்துல நின்னு, ஏஎன்சியை ஆன் பண்ணி ஆஃப் பண்ணிப் பாருங்க. வித்தியாசம் சட்டுனு தெரியணும். யோசிச்சுத்தான் கண்டுபிடிக்கணும்னா, வெச்சுட்டு வந்துடுங்க.

பத்து நிமிஷம் மாட்டியே இருங்க. நம்ம ஊர் சித்திரை வெயில்ல ரெக்சின் மாதிரி மெத்தை வேர்த்துக் கொட்டும், நாளாக நாளாகத் தோல் உரியும். அதனால மெத்தை கழட்டி மாத்துற மாதிரி இருக்கா, தனியா கிடைக்குமான்னு கேளுங்க. சில நூறு ரூபாய் மெத்தை, ஹெட்போனோட ஆயுளை ரெண்டு வருஷம் நீட்டும். எடை 250 கிராமுக்குள்ள இருந்தா நல்லது. சொன்ன சோனி மாடல் 192 கிராம். கண்ணாடி போடுறவங்க கண்ணாடியோடவே மாட்டிப் பாருங்க, இடுக்கு விழுந்தா இன்ஜின் சத்தம் உள்ள வந்துடும்.

சர்வீஸ் சென்டர் சேலத்துல இருக்கா, இல்லை கூரியர்லதான் அனுப்பணுமா? ரிட்டர்ன்னா பணம் திரும்ப வருமா, மாத்திக் கொடுக்கிறது மட்டும்தானா? பெட்டியில பிஐஎஸ் பதிவு எண் இருக்கா? பில் வாங்கியாச்சா? வாரண்டியில இழுத்தடிச்சா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கு, அதுக்கும் பில் வேணும்.

'நோ காஸ்ட்' இஎம்ஐ

6,000 ரூபாயை 6 மாசம், மாசம் 1,000. கேட்க நல்லா இருக்கு. உதாரணத்துக்கு 16 சதவீத வட்டின்னு வெச்சா, உள்ள சுமார் 270 ரூபாய் வட்டி இருக்கும். அதைத் தள்ளுபடியா கழிச்சுக் காட்டுவாங்க. ஆனா அந்த வட்டி மேல 18 சதவீத ஜிஎஸ்டி சுமார் 49 ரூபாய் உங்க கார்டுல விழும். பிராசஸிங் ஃபீஸ் 199-ன்னா வரியோட 235. ஆக 'நோ காஸ்ட்'டோட காஸ்ட் 284 ரூபாய். மொத்தமா கட்டினா கிடைச்சிருக்கிற தள்ளுபடி போனா அது தனி.

தொகை சின்னதுதான். பழக்கம்தான் பெருசு. போன், வாட்ச், ஹெட்போன், ஷூன்னு நாலு சின்ன இஎம்ஐ சேர்ந்தா 1-ம் தேதி சம்பளம் 5-ம் தேதி காலி. அதே 1,000 ரூபாயை மாசாமாசம் தனியா எடுத்து வெச்சு, ஆறாவது மாசம் வாங்குங்க. நடுவுல ஆசை போயிடுச்சுன்னா 6,000 ரூபாய் லாபம். போகலைன்னா, அது உண்மையான தேவைதான்.

ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வேலை. இந்த வாரம் திங்கள்ல இருந்து சனி வரைக்கும், எந்தச் சத்தத்துல எவ்வளவு நேரம் இருந்தீங்கன்னு போன்ல குறிச்சு வைங்க. பஸ்ல 3 மணி, ஆபீஸ் ஏசியில 2 மணி, இப்படி. சனிக்கிழமை ராத்திரி கூட்டி, நாலால பெருக்குங்க. 40-ஐத் தாண்டினா அடுத்த மாசத்துல இருந்து 1,000 ரூபாய் எடுத்து வைக்க ஆரம்பிங்க. தாண்டலையா? ஆப்புல இருக்கிற கார்ட்டைக் காலி பண்ணிட்டு, அந்த 1,000 ரூபாயை ஆர்டியில போடுங்க.