சிப்காட்டுக்கு நிலம்... ஆனால் சமூக ஆய்வு கிடையாது! ஓசூர் போராட்டத்தில் மாணவர்களுக்கு என்ன வேலை?

எம்.ஏ. சமூகவியல் படிப்பவர்களுக்கு 'சமூக இயக்கங்கள்' பாடம் உண்டு. சிப்கோ, தெலங்கானா, நர்மதா என்று உதாரணங்கள் எல்லாமே தூரத்து ஊர்கள்தான். கிருஷ்ணகிரி மாவட்ட மாணவருக்கு உதாரணம் டவுன் பஸ் தூரத்திலேயே இருக்கு.

என்ன பிரச்னை?

ஓசூருக்கு சிப்காட் வந்தது 1970களில். அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று வரிசையாக கம்பெனிகள் வந்தன. பெங்களூரு பக்கத்திலேயே இருப்பதால் விரிவாக்கமும் நிற்கவில்லை. 5-வது சிப்காட்டுக்காக உத்தனப்பள்ளி, அயர்னப்பள்ளி, நாகமங்கலம் பகுதிகளில் சுமார் 3 ஆயிரம் ஏக்கர் எடுக்கத் திட்டமிட்டதை எதிர்த்து, 2023-ல் விவசாயிகள் மாதக்கணக்கில் காத்திருப்புப் போராட்டம் நடத்தினர்.

சட்டம் என்ன சொல்லுது?

விஷயமே இங்கேதான். 2013-ம் ஆண்டு மத்திய சட்டப்படி, நிலம் எடுக்கும் முன் சமூகத் தாக்க மதிப்பீடு கட்டாயம். யாருடைய பிழைப்பு போகும் என்று கணக்கெடுக்கணும். ஆனால், தொழிற்பேட்டைகளுக்கு நிலம் எடுக்க தமிழக அரசிடம் 1997-ம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. அதில் மத்திய சட்டத்தின் இழப்பீட்டு விதி பொருந்தும். இந்த ஆய்வு மட்டும் பொருந்தாது! 2019 ஜூலையில் சென்னை ஐகோர்ட் அந்தச் சட்டம் செல்லாது என்றது. அதே ஆண்டு சட்டமன்றம் அதற்கு மறுபடி உயிர் கொடுத்தது. 2021 ஜூனில் சுப்ரீம் கோர்ட்டும் அதை ஏற்றுக்கொண்டது.

மாணவர் என்ன செய்யலாம்?

இதை விவசாயி, கம்பெனி என்று ரெண்டே தரப்பாகப் பார்த்தால் பாதிதான் புரியும். பட்டா வைத்திருப்பவருக்கு இழப்பீடு பேச முடியும். குத்தகைக்கு தக்காளி போடுபவர் கையில் காகிதமே இருக்காது. பூ பறிக்கப் போகும் கூலிப் பெண்ணின் மகனே சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கலாம். அதே வீட்டில் எதிர்ப்பும் இருக்கும், எதிர்பார்ப்பும் இருக்கும். சமூகவியலாளர் எம்.எஸ்.ஏ. ராவ் இயக்கங்களை விளக்க எடுத்துக்கொண்ட 'ஒப்பீட்டு இழப்பு' இதுதான்: அடுத்தவரோடு ஒப்பிடும்போது நமக்கு மட்டும் கிடைக்கலையே என்கிற உணர்வு.

அரசு செய்யத் தேவையில்லாத அந்தக் கணக்கெடுப்பை, பட்டப்படிப்புக்கான ஆய்வேடாக மாணவர் செய்யலாம். இதற்குத் தமிழ் மட்டும் போதாது. இந்த எல்லையில் தெலுங்கும் கன்னடமும் வேண்டும். முக்கியமா, சீக்கிரம் போகணும். வேலி போட்ட பிறகு கேட்கப் போனால், குத்தகைக்காரர் எந்த ஊருக்குப் போனார் என்று சொல்லக்கூட ஆள் இருக்காது.