படைக்கு வேண்டியதைப் பக்கத்தில் வாங்கு

தருமபுரி மாவட்டத்து ராகி விவசாயிகளும், லேத் பட்டறைக்காரர்களும், ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஓசூர் பஸ் ஏறுகிறவர்களும் கூடி இந்தப் பிரகடனத்தை வெளியிடுகிறோம்.

படைக்கு வேண்டிய தளவாடத்தை வெளிநாட்டில் வாங்கினால் மலிவு, உள்நாட்டில் செய்தால் செலவு என்று ஒரு கணக்கு சொல்வார்கள். அதில் முதல் நாள் விலை மட்டுமே இருக்கும். ரஷ்யாவின் பழைய கோர்ஷ்கோவ் விமானந்தாங்கிக் கப்பலைப் புதுப்பித்துத் தர 2004-ல் பேசிய தொகை சுமார் 97 கோடி டாலர். வேலை முடிவதற்குள் அது 230 கோடியைத் தாண்டியது. 2008-ல் தரவேண்டிய கப்பலை 2013 நவம்பரில்தான் ஒப்படைத்தார்கள். பாதி வேலையில் நிற்கும் கப்பலை வைத்துக்கொண்டு யார் பேரம் பேச முடியும்?

உள்நாட்டில் செய்தால் எல்லாம் சுகம் என்று நாங்கள் சொல்லவில்லை. கொச்சியில் கட்டிய விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலும் பல ஆண்டு இழுத்தடித்து, சுமார் 20,000 கோடி ரூபாய் விழுங்கி, 2022-ல்தான் கடற்படையில் சேர்ந்தது. ஆனால் அதற்கு ரஷ்ய எஃகு கிடைக்காமல் போனபோது, நம் ராணுவ ஆய்வுக்கூடமும் அரசின் செயில் எஃகு ஆலைகளும் சேர்ந்து போர்க்கப்பல் எஃகு செய்யக் கற்றன. அந்தத் தொழில் இங்கேயே தங்கிவிட்டது. அடுத்த கப்பலுக்கும் ஆகும். இதை வரவில் எழுதாத கணக்கை நாங்கள் ஏற்கமாட்டோம்.

இனி எங்கள் ஊர்ப் பாடு. 2018-ல் அறிவித்த பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் ஓசூர் உண்டு, சேலம் உண்டு. நடுவில் இருக்கும் தருமபுரி இல்லை. எங்கள் மாவட்டத்து நெக்குந்தியில் ராணுவ ஆராய்ச்சி மையம் என்ற பேச்சையும் பல வருடமாகக் கேட்டுவிட்டோம். ஓசூர், சேலம் ஆலைகளின் உதிரிபாக ஆர்டரில் ஒரு பங்கு எங்கள் பட்டறைகளுக்கு வரவேண்டும். அளவு தப்பினால் திருப்பி அனுப்புங்கள், சலுகை வேண்டாம். சோதனைக்கூடம் மட்டும் மாவட்டத்திலேயே வேண்டும். சிறுதொழில் சட்டம் சொல்லும் 45 நாளுக்குள் பில் பணம் வேண்டும்.

அடுத்தது ராகி. அரை நூற்றாண்டுக்குப் பிறகு 2023-ல் ஜவான்களின் ரேஷனில் சிறுதானிய மாவு திரும்பியது. ராகியும் அதில் ஒன்று. ஆனால் தார் ரோட்டில் கதிரைப் பரப்பி, போகிற வருகிற வண்டி ஏறி உதிர்ந்த ராகியில் கல் கலக்கிறது. அதைப் படைவீரர் தட்டில் வைக்க எங்களுக்கே மனம் வராது. பென்னாகரம், பாலக்கோடு பக்கம் ஊருக்கு ஊர் சிமெண்ட் களமும், கல் நீக்கும் மெஷினும், ஆதரவு விலைக்குக் குறையாத நேரடிக் கொள்முதலும் கேட்கிறோம்.

முதல் வேலையாக ஒன்றியம் ஒன்றியமாகப் பட்டறைகளைக் கணக்கெடுக்கிறோம்: என்ன லேத், எவ்வளவு துல்லியம், ஓட்டத் தெரிந்தவர் எத்தனை பேர். பட்டியல் ஒன்று கலெக்டர் ஆபீஸுக்கு. மற்றவற்றை ஆவடி டாங்கி ஆலைக்கும் திருச்சி துப்பாக்கி ஆலைக்கும் நாங்களே எடுத்துப் போகிறோம்.