சேற்று வழியும் என் எம்.டி. 90 உம்



ஒட்டுசுட்டான் பக்கத்துக் கிராமமொன்றில் மாதர் சங்கக் கூட்டம் முடிந்த பின்னர் ஒரு சகோதரி என்னிடம் கேட்டார்: "மிஸ், இந்தச் சேத்துக்குள்ளாலை தனிய மோட்டார் சைக்கிளிலை வாறியள். உங்களுக்குப் பயமில்லையோ?" அவருக்குச் சொன்ன பதிலையே இம்மாதம் உங்களுக்கும் எழுதுகிறேன்.

சமூகவியல் படித்து வேலைக்கு வந்த காலத்தில் எனக்குத் துவிச்சக்கரவண்டி மட்டுமே ஓடத் தெரியும். பஸ் பிரதான வீதியோடு நின்றுவிடும். உள்ளே நடந்து போனால் ஒரு நாளில் இரண்டு வீடுகளுக்கு மேல் பார்க்க முடியாது. சில நாட்களில் ஆண் உத்தியோகத்தர் ஒருவர் ஏற்றிச் செல்வார். ஆனால், காணாமற்போன கணவரைத் தேடும் ஒரு பெண் மனந்திறந்து பேசும் வேளையில், படலையடியில் ஒருவர் ஹோர்ன் அடித்தபடி நின்றால் அவர் என்னதான் சொல்வார்?

அதனால், சீட்டுக்காசு கிடைத்ததும் பழைய எம்.டி. 90 ஒன்றை வாங்கினேன். ஜப்பானில் தபால்காரர்களுக்காக ஹொண்டா நிறுவனம் செய்த வண்டி அது. குளச் பிடிக்கத் தேவையில்லை. காலால் கியர் மாற்றினால் போதும். முன்னாலுள்ள தகடு சேறு தெறிக்காமல் உடுப்பைக் காக்கும். லீசிங்கில் புதியது எடுக்கும்படி பலர் சொன்னார்கள். மாதக் கட்டணம் தவறியதால் வண்டியையும் கட்டிய பணத்தையும் சேர்த்து இழந்த குடும்பங்களை நான் அறிவேன். கையில் இருந்த பணத்துக்குள் நின்றுகொண்டேன்.

முதல் மாரியிலேயே விழுந்தேன். கிறவல் வீதியில் பள்ளத்தைக் கண்டு முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்ததும் சில்லு வழுக்கியது. முழங்கால் உரிந்தது. கோப்புகள் எல்லாம் சேற்றில். மாடு சாய்த்து வந்த ஐயா ஒருவர் தூக்கிவிட்டுச் சொன்னார்: "பிள்ளை, சேத்திலை முன் பிரேக்கை எட்டிப் பிடிக்கக்கூடாது. முன்னமே கியரைக் குறைச்சு, ஒரே சீராய் விடு." அன்றிலிருந்து அவர் சொன்னபடிதான் ஓடுகிறேன். வெள்ளம் நிற்குமிடத்தில் ஆழம் தெரியாவிட்டால் இறங்கி நடந்து பார்ப்பேன்.

ஓடப் பழகினால் மட்டும் போதாது. 100 சி.சி. வரையான வண்டிக்கு ஏ1 வகை சாரதி அனுமதிப்பத்திரம் வேண்டும். 18 வயது நிறைந்திருக்க வேண்டும். மருத்துவச் சான்றிதழ், எழுத்துப் பரீட்சை, ஓட்டப் பரீட்சை என்று படிப்படியாகப் பெறலாம். காப்புறுதியும் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரமும் அவசியம். பின்னால் இருப்பவரும் தலைக்கவசம் அணிய வேண்டும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது, வண்டியை உங்கள் பெயருக்கு மாற்றுவது. எனக்குத் தெரிந்த சகோதரி ஒருவர் பால் விற்ற காசில் மோட்டார் சைக்கிள் வாங்கினார். "பொம்பிளை அலையத் தேவையில்லை" என்று மைத்துனரின் பெயரில் பதிந்தார்கள். ஒரு குடும்பச் சச்சரவின் பின்னர் மைத்துனர் வண்டியைக் கொண்டுபோய்விட்டார். காசு கொடுத்ததற்கு ஒரு துண்டுக் கடதாசிகூட அவரிடம் இருக்கவில்லை. இப்போது பால் கலனோடு மீண்டும் நடக்கிறார்.

2022 இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கியூ.ஆர். முறையில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல்தான் கிடைத்தது. கிராமங்களை ஒழுங்குபடுத்தி, ஒரே பாதையிலுள்ள வீடுகளை ஒரே நாளில் பார்த்துச் சமாளித்தேன். ஞாயிற்றுக்கிழமைப் பயணத்தை மட்டும் நிறுத்த வேண்டியிருந்தது.

ஆம், வேலைக்கு மட்டுமல்ல. ஞாயிறு பின்னேரத்தில் அம்மாவை ஏற்றிக்கொண்டு முத்தையன்கட்டுக் குளக்கட்டுக்குப் போவேன். காற்று வாங்கி, கொண்டுபோன தேநீரைக் குடித்துவிட்டு, யானை இறங்கும் நேரத்துக்கு முன் திரும்பிவிடுவோம். "சனம் கதைக்கும்" என்று முன்பு மறித்த அதே அம்மா, இப்போது சனிக்கிழமையே "நாளைக்கு எங்கை போறம்?" என்று கேட்கிறார். இடம்பெயர்ந்து நடந்தே களைத்த கால்கள் அவருடையவை. வேலையில்லாமல் சும்மா ஒரு இடத்துக்குப் போய்வருவதும் நமக்கு உரியதுதான், சகோதரிகளே.

பயமில்லையா என்று கேட்டவருக்கு, "இருக்கு அக்கா, அதனாலைதான் மெதுவாய் ஓடுறன்" என்றேன். பிறகு அவரை விளையாட்டு மைதானத்துக்குக் கூட்டிப்போய் வண்டியில் இருத்தினேன். முதலாம் கியரில் இரண்டு சுற்று ஓடினார். பின்னால் நான் ஓடினேன். அடுத்த கூட்டத்துக்குத் தன் மகளையும் கூட்டிவருவதாகச் சொல்லியிருக்கிறார்.