முதலில் படம், பிறகு சூத்திரம்



பத்தாம் வகுப்புப் பிள்ளை உள்ள வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். ஆயத்தொலை வடிவியலில் பல பிள்ளைகள் தடுமாறுவது கடினமான கணக்கில் அல்ல, இருப்பதிலேயே எளிய கணக்கில்.

'ஒய் = 2 என்ற கோட்டுக்குச் செங்குத்தாக, (3, 5) என்ற புள்ளி வழியே செல்லும் கோட்டின் சமன்பாடு காண்க.'

செங்குத்து என்றதும், 'சாய்வுகளின் பெருக்கல்பலன் –1' என்று பிள்ளை தொடங்கும். ஒய் = 2 கிடைமட்டக் கோடு, அதன் சாய்வு 0. எதை 0-ஆல் பெருக்கினால் –1 வரும்? எதுவும் வராது. –1-ஐ 0-ஆல் வகுக்கப் போய் அங்கேயே நின்றுவிடும். சில பிள்ளைகள் 0 என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடும்.

சூத்திரத்தில் தவறில்லை. இரண்டு கோட்டுக்கும் சாய்வு இருந்தால்தான் அது செல்லும். பக்கவாட்டில் ஓரடி நகர்ந்தால் எத்தனை அடி ஏறுகிறோம் என்பதே சாய்வு. நிலைக்குத்துக் கோட்டில் பக்கவாட்டு நகர்வே கிடையாது. அதனால்தான் அதற்குச் சாய்வு வரையறுக்கப்படவில்லை என்கிறோம்.

வரைபடத்தாளில் போட்டுப் பாருங்கள். ஒய் = 2 படுத்திருக்கும் கோடு. அதற்குச் செங்குத்து, நிற்கும் கோடு. நிற்கும் கோட்டில் எங்கே தொட்டாலும் எக்ஸ் மாறாது. (3, 5) வழியே போவதால் விடை எக்ஸ் = 3. அதே புள்ளி வழியே எக்ஸ் = 4-க்குச் செங்குத்து கேட்டால், அது படுத்த கோடு, விடை ஒய் = 5. கவனியுங்கள், கொடுத்த கோட்டிலுள்ள 2-உம் 4-உம் விடையில் வரவே இல்லை. அந்தக் கோடு திசையை மட்டும் சொல்கிறது. இடத்தைச் சொல்வது புள்ளி.

கிடைமட்டமும் நிலைக்குத்தும் தேர்வுக்காக வந்தவை அல்ல. கொத்தனார் ரசமட்டமும் தூக்குக்குண்டும் இல்லாமல் சுவர் எழுப்பமாட்டார். 1802-இல் சென்னை பரங்கிமலை அருகே லாம்ப்டன் தொடங்கிய நில அளவை நம் தஞ்சைச் சீமைக்கு வந்தபோது, ஏறி நின்று பார்க்க இங்கே மலை இல்லை. கோயில் கோபுரங்களில் ஏறினார்கள். 1808-இல் பெரிய கோயில் விமானத்தில் ஏற்றும்போது மோதிச் சேதமான அந்த அரை டன் தியோடலைட் கருவியிலும் இருந்தவை இரண்டு வட்டங்கள்தான்: கிடைமட்டக் கோணம் அளக்க ஒன்று, நிலைக்குத்துக் கோணம் அளக்க ஒன்று.

ஆகவே என் கருத்து இது. இந்த இரண்டு கோடுகளையும் சாய்வுக்கு முன்பே படமாகச் சொல்லித்தர வேண்டும். கடைசியில் விதிவிலக்காகச் சொன்னால், பிள்ளை அதையும் இன்னொரு மனப்பாடமாக்கிக்கொள்ளும். சூத்திரம் எங்கே செல்லாது என்று தெரிந்த பிள்ளைக்குத்தான் அது எங்கே செல்லும் என்பதும் புரியும்.

வீட்டில் பிள்ளை இந்தக் கணக்கோடு வந்தால் 'ஃபார்முலா என்ன?' என்று கேட்காதீர்கள். 'கோடு படுத்திருக்கா, நிக்குதா?' என்று கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர், முத்துப்பேட்டை